திரையில் தைத்த வரைபடம்

இன்று விற்பனையாகும் எந்த அட்லஸிலும் அந்த மாநிலத்தைக் காண முடியாது. ரஷ்ய தேசத்தில் மாஸ்கோ நகருக்கு வடகிழக்கே, வோல்கா நதியின் இரு கரைகளிலும் பரந்து கிடந்த துணி ஆலைப் பிரதேசம் அது. நான்கு பழைய ஜில்லாக்களைக் கலைத்து ஒன்றாக்கி, இவானோவோ என்னும் நெசவு நகரத்தைத் தலைநகராக வைத்து, தொழில் மாநிலம் என்றே அதற்குப் பெயரும் இட்டார்கள். சில ஆண்டுகள் அப்படியே இருந்தது. பிறகு அதையும் இரண்டாக உடைத்துவிட்டார்கள். உலகத்துக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆயினும் அந்த மாநிலம் நடப்பில் இருந்த காலத்தில், ஆம்பூரில் ஒரு தோல் வியாபாரியின் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, அதன் ஊர்களை ஒரு பெண்மணிக்குக் கற்பித்தவன் நான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

அந்நாளில் நான் ஆம்பூர் உயர்நிலைப் பள்ளியில் பூகோள ஆசிரியன். சென்னையில் கல்லூரியில் பயின்று பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்றவன். கோட்டும் தலைப்பாகையும் இல்லாமல் வீதியில் இறங்கியதில்லை. வீடுவீடாகச் சென்று தனிப்பாடம் சொல்லிக் கொடுப்பதைக் கௌரவக் குறைவாகக் கருதியவன். ஆகையால், பதனிடும் தொட்டிகளும் கிடங்கும் உடைய அந்த வியாபாரி ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அவர் கேட்கப்போவது இன்னதென்று ஊகித்து, மறுப்பதற்கான வாக்கியத்தையும் ஆயத்தமாக வைத்திருந்தேன்.

"சார், பையனுக்குன்னா நான் வந்திருக்கமாட்டேன். தங்கச்சிக்கு," என்றார்.

ஆயத்தம் செய்திருந்த வாக்கியத்தை விட்டுவிட்டு, அவரைத் திண்ணையில் உட்காரச் சொன்னேன்.

"கல்யாணம் ஆயி ரெண்டாவது வருசமே மாப்ள காய்ச்சல்ல மவுத்தாயிட்டார். அப்பலேர்ந்து எங்க வூட்லதான் இருக்குது. உருது, தமிழ், கொஞ்சம் இங்கிலீஷ், எல்லாம் தானே படிச்சுக்கிச்சு. இப்ப நம்ம ஊர்ல பொம்பளப் புள்ளைங்களுக்கு ஸ்கூல் தொறக்குறாங்க. பரீட்சை பாஸ் பண்ண பொம்பள ஒருத்தி நம்ம ஜனத்துலயே இருந்தா அவங்களையே டீச்சரா வெச்சுக்கலாம்னு கமிட்டியில பேச்சு. இல்லன்னா மெட்ராஸ்லேர்ந்து யாரையாச்சும் கூட்டியாருவாங்க."

"எழுதட்டுமே," என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "பேரணாம்பட்டுல ஒருத்தர், பீடி மண்டி வெச்சிருக்கார். சம்சாரம் தவறிட்டாங்க, ரெண்டு பொண் கொழந்தைங்க. நல்ல மனுசன். அவருக்கு நான் நிக்காவுக்கு வாக்கு குடுத்துட்டேன், குடுத்த மாதிரிதான். தங்கச்சி என்னா சொல்லுதுன்னா, ஒரு தடவை பரீட்சைக்கு உக்கார்றேன், தேறலன்னா நீங்க சொன்னபடி கேக்குறேன்னுது. ஒரே தடவைதான் சார். அதுக்கு மேல அந்த மனுசனைக் காக்க வெச்சா பேஜாராயிடும்."

மற்றப் பாடங்களை அந்த அம்மையார் தாமே படித்துக்கொள்வாராம். பூகோளம் மட்டும் வாய்மொழித் தேர்வு. வரைபடத்தின் முன் நின்று பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் ஆசிரியர் வேண்டும். கட்டணம் பற்றிப் பேச வாயெடுத்தவரைக் கைகாட்டி நிறுத்தினேன். என் நிபந்தனைகள் வேறு. பாடம் பகலில்தான் நடக்கும். வாசற்கதவு திறந்தே இருக்கும். திரைக்கு அந்தப்புறம் அவருடைய மனைவியும் உடன் அமர்ந்திருக்க வேண்டும். அவர் மூன்றுக்கும் தலையசைத்து, "நான் சொல்ல வந்ததையே நீங்க சொல்லிட்டீங்க சார்," என்றார்.

கூடத்தின் வடகோடியில் உள்ளறைக்குப் போகும் வளைவில் கனத்த பச்சைத் திரை தொங்கியது. அதன் முன்னே எனக்கு ஒரு நாற்காலி. திரைக்குப் பின்னால் இரு பெண்கள் அமரும் ஓசை கேட்டது. வளையல் ஓசையைக் கொண்டு ஒருவர் அண்ணி என்றும், ஓசையின்மையைக் கொண்டு மற்றவர் மாணவி என்றும் அறிந்தேன்.

பாடத்திட்டத்தில், வெளிநாட்டுத் தொழிற்பிரதேசம் ஒன்றை அதன் ஊர்களோடும் பிரிவுகளோடும் விரிவாகப் படிக்க வேண்டும் என்றிருந்தது. நான் லங்காஷயர் என்றேன். எல்லா மாணவரும் அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். நூல்களும் தாராளமாக உண்டு.

"எல்லாரும் எடுக்குறாங்கன்னா எனக்கு வேணாம் சார்," என்றது திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரல். மெல்லிய குரல், ஆனால் தயங்கும் குரல் அல்ல. "எல்லாரும் சொல்ற பதிலையே நானும் சொன்னா, முக்காடு போட்ட பொம்பள, வாத்தியார் சொல்லிக் குடுத்ததை ஒப்பிக்குதுன்னு நெனைப்பாங்க. யாரும் எடுக்காத ஊரா பாத்து சொல்லுங்க."

இந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டேன். ரஷ்யாவில் ஜில்லாக்களைத் திருத்தி அமைப்பதைப் பற்றிப் பத்திரிகைகள் அப்போது எழுதிக்கொண்டிருந்தன. நானும் ஆர்வத்தோடு படித்து வந்தேன். இவானோவோ மாநிலத்தைச் சொன்னேன். உள்ளே வந்த வியாபாரி திடுக்கிட்டார்.

"ரஷ்யாவா? சார், போலீஸ்காரன் வந்து நிக்கப்போறான் வாசல்ல!"

"பூகோளத்துக்குப் போலீஸ் வருவதில்லை," என்றேன்.

"பாய்ஜான், துணி மில்லு இருக்குற ஊர் அது. உங்களை அங்க போவச் சொல்லலை," என்றார் தங்கை. அண்ணி சிரித்துவிட்டார்.

அச்சிட்ட பாடநூலில் ரஷ்யா முழுவதற்கும் ஒரே ஒரு பக்கம்தான். நாங்கள் படிக்க வேண்டிய மாநிலம் அதில் ஒரு கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். பள்ளியிலிருந்த பெரிய அட்லஸைத் தலைமையாசிரியர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதித்தார். எஞ்சினீயர்கள் படம் வரையப் பயன்படுத்தும் மெழுகு பூசிய மெல்லிய ட்ரேசிங் துணியை வேலூர் லாங் பஜாரிலிருந்து வாங்கி வந்தேன். என் மனைவி துணியின் இரு முனைகளையும் அசையாமல் பிடித்துக்கொள்ள, அட்லஸிலிருந்து அந்தப் பிரதேசத்தைச் சதுரம் போட்டுப் பெரிதாக்கி வரைந்தேன். எழுத்து ஒன்றும் இல்லை. ஆறுகளுக்குக் கோடு, எல்லைகளுக்குப் புள்ளிக்கோடு, ஊர்களுக்குக் கரும்பொட்டு. தேர்விலும் பெயரில்லாத ஊமைப் படத்தைத்தான் மாட்டுவார்கள்.

படம் தயாராயிற்று. அதை எங்கே மாட்டுவது? என் பக்கம் மாட்டினால் அவருக்குத் தெரியாது. அவர் பக்கம் மாட்டினால் எனக்குத் தெரியாது. வழி கண்டவர் வியாபாரிதான். திரையைக் கழற்றித் தம் பதனிடும் சாலைக்கு எடுத்துச் சென்றார். தோல் வெட்டும் கத்தியால் நடுவே படத்தின் அளவுக்குச் சன்னல் போல வெட்டி, அதில் ட்ரேசிங் துணியை வைத்து, நான்கு ஓரமும் ஆட்டுத்தோல் பட்டை கொடுத்துத் தைத்துக் கொண்டுவந்தார். மறுநாள் நான் போனபோது வோல்கா நதி திரையின் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தத் துணி வழியாக உருவம் தெரியாது. உள்ளறை இருண்டது, கூடம் வெளிச்சமானது. ஆனால் அந்த அம்மையார் ஓர் ஊரின்மேல் விரல் வைத்து அழுத்தினால், அந்த இடத்தில் துணி ஒரு பயறளவுக்குப் புடைத்து, நிழல் விழும். "யாரோஸ்லாவ்ல்" என்பேன். துணி புடைக்கும். "அதற்கு மேற்கே, ஆற்றின் மேல்திசையில், ரைபின்ஸ்க்." விரல் நகரும். "கிழக்கே இறங்கிவந்தால்?" "கோஸ்ட்ரோமா, அப்புறம் கினேஷ்மா," என்ற குரலும் விரலும் ஒன்றாக வரும். நான் அறிந்த அளவில் என் மாணவி என்பவர் அந்தக் குரலும் அந்தப் பயறளவு நிழலும்தான். ஒரு வாரத்துக்குள், நிச்சயமாகத் தெரிந்து வைக்கும் விரலுக்கும் யோசித்து வைக்கும் விரலுக்கும் உள்ள பேதம் எனக்குப் புலப்பட்டது. விரல் யோசிக்கும்போது நான் அவசரப்படுத்தமாட்டேன்.

ஊர்களை அவர் தமக்கென ஒரு முறையில் நினைவில் வைத்துக்கொண்டார். வோல்கா அவருக்குப் பாலாறு. மேல்திசையில் இருந்த ரைபின்ஸ்க் வாணியம்பாடி. யாரோஸ்லாவ்ல் ஆம்பூர். கோஸ்ட்ரோமா வேலூர். கினேஷ்மா ராணிப்பேட்டை. ஆற்றை விட்டுத் தெற்கே ஒதுங்கி நின்ற நெசவு நகரமாகிய இவானோவோ ஆரணி.

"அங்கயும் தறிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்குமா சார்?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஆலைகள், இன்னும் பெரிய சத்தம்."

"அப்ப ஆரணியேதான். ஜாஸ்தி சத்தம் போடுற ஆரணி."

பிரிவுகளை நம்முடைய சொற்களிலேயே விளக்கினேன். மாநிலத்துக்குக் கீழே டிவிஷன், டிவிஷனுக்குக் கீழே தாலுகா. பழைய ஜில்லாக்கள் நான்கும் எப்படிக் கரைந்தன என்பதைச் சொன்னபோது, கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் தலையை நிமிர்த்தினார்.

"இது நமக்குப் புதுசா சார்? வாணியம்பாடியில எங்க மாமனார் வூடு சேலம் ஜில்லாவுல இருந்துச்சு. ஒருநாள் தூங்கி எழுந்தா வடஆற்காடுன்னுட்டாங்க. சித்தூரைப் பிரிச்சு எடுத்துக்கிட்டு இதைக் குடுத்தாங்களாம். ஜில்லா மாறிப்போச்சு, மாமியார் மட்டும் மாறலை."

உள்ளே அண்ணியின் வளையல்கள் கோபமாக ஒலித்தன. "எங்கம்மாவைச் சொல்லாட்டி உங்களுக்குச் சோறு எறங்காதே!"

இப்படியாகப் பாடம் நடந்தது. ஊரில் பேச்சும் நடந்தது. பள்ளியில் உடனாசிரியர் ஒருவர், எல்லோர் காதிலும் விழும்படி, "என்ன சார், உங்க ஸ்டூடண்டுக்கு முகம்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கும் என்று நம்புகிறேன். பூகோளத்துக்கு அது தேவைப்படவில்லை," என்றேன். அதன் பிறகு அவர் என்னோடு நெடுநாள் பேசவில்லை. அது எனக்கு இழப்பாகத் தோன்றவும் இல்லை.

தேர்வுக்குச் சில நாட்களே இருந்தபோது அண்ணி பிரசவத்துக்குத் தாய்வீடு போனார். திரைக்குப் பின்னால் துணைக்கு ஆள் இல்லாமல் பாடம் நடத்த நான் சம்மதியேன். என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "நான் வர்றேன். எனக்கும் அந்த வூட்டு உள்ளாற பாக்கணும்னு ஆசை," என்றாள். காவேரிப்பாக்கத்துப் பெண், நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது, யாரிடமும் அரை நிமிடத்தில் ஒட்டிக்கொள்வாள். உள்ளே போனதும் இருவரும் பேசிச் சிரிக்கும் ஓசை கேட்டது. நான் தொண்டையைக் கனைத்து, "ஷூயா," என்றேன். துணி சரியான இடத்தில் புடைத்தது. "கிழக்கே கினேஷ்மா." புடைத்தது. "தெற்கே விளாதிமிர்." புடைத்தது.

"ஏங்க," என்றாள் என் மனைவி உள்ளிருந்து.

பாடத்தின் நடுவே குறுக்கிடக் கூடாதென்று சொல்லித்தான் அழைத்து வந்திருந்தேன். "பிறகு," என்றேன்.

"பிறகு இல்லீங்க. நம்ம வூட்ல நான் புடிச்சுக்கிட்டு நின்னப்போ ஆறு எனக்கு வலக்கைப் பக்கமா போச்சு. இங்க இடக்கைப் பக்கமா போவுது. இவங்க கிழக்குன்னா இடக்கையத்தான் காட்டுறாங்க."

நான் எழுந்து, திரைக்கு மிக அருகில் சென்று, அந்தத் துணியை முதன்முறையாகப் பார்ப்பவன் போலப் பார்த்தேன். ஒரே துணி. ஒரே பொட்டு. நான் முன்னாலிருந்து பார்த்தேன். அவர் பின்னாலிருந்து பார்த்தார். என் இவானோவோ மாஸ்கோவுக்கு வலப்புறம்; அவருடைய இவானோவோ இடப்புறம். அவர் விரல் வைத்த இடம் ஒருபோதும் தவறவில்லை, தவறவும் முடியாது. ஆகவேதான் எனக்குத் தெரியவில்லை. எழுத்து இருந்திருந்தால் அவருக்கு இடவலம் மாறித் தெரிந்திருக்கும். ஊமைப் படத்தில் அந்த மாற்றம் கண்ணில் படாது.

"அம்மா," என்று அழைத்தேன். "பாடநூலின் படங்களில் கிழக்கு வலப்புறம் இருப்பதைப் பார்த்திருப்பீர்களே?"

"பாத்திருக்கேன் சார்." குரல் தணிந்திருந்தது. "அது தாள்ல இருக்கற படம். இது வூட்ல இருக்கற படம்னு நெனைச்சேன். கிழக்குன்னு சொன்னீங்க. எனக்கு இடக்கைப் பக்கம்தான் சூரியன் வருது. கிழக்கைத்தான் காட்டினேன். ஊருங்களும் வலப்பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு இடப்பக்கமா, உருது வரி மாதிரி ஓடிச்சு. எனக்கு வித்தியாசமாவே தெரியலை."

அவர் சொன்னது முற்றிலும் சரி. நான் வடக்கு நோக்கி அமர்ந்திருந்தேன். அவர் தெற்கு நோக்கி அமர்ந்திருந்தார். படத்தின் கிழக்கு இருவருக்குமே நிஜமான கிழக்கில்தான் இருந்தது. அந்த வீட்டுக்குள் அவர் எந்தப் பிழையும் செய்யவில்லை. தேர்வோ அந்த வீட்டுக்குள் நடக்கப்போவதில்லை.

மீதமிருந்த நாட்களில் படத்தைத் திரையிலிருந்து பிரித்து, அந்த இடைவெளியைப் போர்வையால் மூடிவிட்டு, உள்ளறைச் சுவரில் மாட்டச் சொன்னேன். நான் வெளியிலிருந்து கேள்வி கேட்க, என் மனைவி உள்ளிருந்து விடை பார்த்தாள். வடசுவரில் மாட்டியபோது, "எல்லாம் சரியா வருதுங்க, ஒண்ணு தப்பலை!" என்று கூவினாள். அந்தச் சுவரில் மட்டும்தான் படத்தின் கிழக்கும் நிஜமான கிழக்கும் ஒரே பக்கம் விழும் என்பது எனக்குத் தெரியும். கிழக்குச் சுவரில் மாட்டியபோது கை தடுமாறியது. தென்சுவரில் மாட்டியபோது கினேஷ்மாவைக் கேட்டால் ரைபின்ஸ்க் வந்தது. ஆறு மாதம் கையில் ஊறியதை ஒரு வாரத்தில் பிழிந்து எடுக்க முடியவில்லை. மூன்றாம் நாள் மாலை உள்ளே மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. அதன் பின் என் மனைவி, குழந்தையிடம் பேசுவது போல ஏதோ முணுமுணுத்தாள்.

அண்ணன் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். "சார், நான் ஒண்ணு சொல்லட்டா? வேலூருக்கு ஒரு ஆளை அனுப்புறேன். எந்தச் சுவத்துல ஆணி இருக்குன்னு பாத்துட்டு வரட்டும். பியூனைக் கவனிச்சா ஆணியையே வடக்கால மாத்தி அடிச்சுடுவான்."

"கூடாது," என்றேன்.

"ஆணிதானே சார்!"

"ஆணிதான். இந்தத் தேர்வில் ஒரு ஆணியும் நம் கையால் அசைந்தது என்று நாளை எவனும் சொல்லக் கூடாது. உங்கள் சகோதரியைப் பற்றியும் சொல்லக் கூடாது, என்னைப் பற்றியும் சொல்லக் கூடாது."

"பேரணாம்பட்டுக்காரர் இருக்காரே சார்..."

"பாய்ஜான்," என்றது திரைக்குப் பின்னாலிருந்து அடைத்த குரல். "சார் சொல்றதுதான் சரி. விட்டுடுங்க."

தேர்வு நாளன்று அண்ணன், தங்கை, என் மனைவி, நான் நால்வரும் ரயிலேறி வேலூருக்குப் போனோம். பெண்கள் இருவரும் மாதர் வண்டியில். நிலையத்திலிருந்து திரை கட்டிய ஜட்கா அவர்களைப் பெண்கள் பள்ளிக்கூடத்தின் உள்வாசல் வரை கொண்டு சென்றது. திரை அனுசரிக்கும் கோஷாப் பெண்களுக்குத் துணையாக ஒரு பெண் உள்ளே இருக்கலாம் என்று விதி இருந்தமையால் என் மனைவியும் உடன் சென்றாள். தேர்வாளர் தென்ஜில்லாவைச் சேர்ந்த கிறிஸ்தவ அம்மையார். மிகக் கண்டிப்பானவர் என்று பெயர். அண்ணனும் நானும் வெளியே மதிலோரம் வேப்பமர நிழலில் நின்றோம். அவர் தஸ்பீஹ் மணியை உருட்டினார். நான் கட்டடத்தைப் பார்த்து, தெற்கு எது வடக்கு எது என்று கணித்துக்கொண்டிருந்தேன். கணித்து என்ன செய்வதென்று எனக்கே தெரியாது.

முதலில் வெளியே வந்தவள் என் மனைவி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"எந்தச் சுவருன்னு கேளுங்க," என்றாள்.

"எந்தச் சுவர்?"

"தெக்கு!"

அண்ணனின் கையில் மணி நின்றது.

"இவங்க படத்துகிட்ட போனாங்க. அந்தம்மா, 'கோஸ்ட்ரோமாவைக் காட்டு'ன்னாங்க. கை போச்சு, பாதியிலயே நின்னுடுச்சு. கைய மடக்கிக்கிட்டாங்க. 'மேடம், படத்தைக் கீழ எறக்கி விரிச்சுக்கலாமா?'ன்னு கேட்டாங்க. 'ஏன், கண்ணுக்கு எட்டவில்லையா?'ன்னாங்க அந்தம்மா. 'எட்டுது மேடம். இந்தச் சுவத்துல அது கிழக்கைக் கொண்டுபோயி மேக்குல வெச்சிருக்குது'ன்னாங்க."

"அப்படியேவா சொல்லிச்சு?" என்றார் அண்ணன்.

"அப்படியேதான் பாய். அந்தம்மாவுக்குக் கோவம் வந்துடுச்சு. 'படம் சரியாகத்தான் மாட்டியிருக்கிறது'ன்னாங்க. 'படம் சரிதான் மேடம், சுவருதான் சரியில்லை'ன்னாங்க இவங்க. நான் சாமியைக் கும்பிட்டுக்கிட்டேன். அந்தம்மா மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டு, 'நீ இந்த அறைக்கு வந்தே சற்று நேரம்தான் ஆகிறது, திசை எப்படித் தெரியும்?'னு கேட்டாங்க. 'தொழுவுறவங்களுக்கு எந்த ரூமுக்குள்ள போனாலும் மொதல்ல அது தெரிஞ்சாவணும் மேடம்'னாங்க."

என் மனைவி இங்கே மூச்சு வாங்கினாள்.

"அதுக்கப்புறம் அந்தம்மாவே எழுந்து வந்து படத்துக் கோலை ஒரு பக்கம் புடிச்சாங்க. ரெண்டு பேருமா எறக்கி தரையில விரிச்சாங்க. இவங்க தொழுவுறதுக்கு ஜானமாஸ் பாய் விரிக்கிற மாதிரி ஓரத்தை இப்படி இழுத்து, அப்படி இழுத்து, திக்கைச் சரி பண்ணிட்டு, மண்டி போட்டு உக்காந்தாங்க. அப்புறம் கேக்கணுமா? கோஸ்ட்ரோமா, கினேஷ்மா, ஷூயா, அந்த வாயில நுழையாத ஊரெல்லாம். அந்தம்மா எதிர்ப் பக்கமா வந்து குந்திக்கிட்டு, 'இப்போது நீ இந்தப் பக்கம் வா, தலைகீழாகச் சொல்'னாங்க. 'நான் எந்தப் பக்கம் உக்காந்தா இன்னா மேடம், ஊரு நகராதே'ன்னு அங்கயும் சொன்னாங்க!"

"பிரிவுகள்?" என்றேன்.

"அதுவும் கேட்டாங்க. 'டிவிஷன்களை எடுத்துவிட்டதாகப் பத்திரிகையில் பார்த்தேனே'ன்னாங்க. 'ஆமாம் மேடம், இப்ப தாலுகாவெல்லாம் நேரா மாநிலத்துக்குக் கீழ வருது, எங்க சார் போன மாசமே சொல்லிட்டாரு'ன்னாங்க." அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "எங்க சார்னு சொல்லும்போது குரலு எப்படி இருந்துச்சுன்னு நீங்க கேட்டிருக்கணும்."

நான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டேன்.

தேர்ச்சிச் சான்றிதழ் தபாலில் வந்த அன்று அண்ணன் அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். வாசலில் வைத்தே என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஊர் பார்க்கிறதே என்று நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறுகணமே அவர் முகம் வாடியது. "சந்தோசம் ஒரு பக்கம் சார். பேரணாம்பட்டு ஒரு பக்கம். கூட வர்றீங்களா? படிச்ச மனுசர் ஒருத்தர் கூட இருந்தா அவரும் கம்மியா பேசுவார்."

மோட்டார் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் தாம் சொல்லப்போகும் வார்த்தைகளை அவர் உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். பீடி மண்டிக்காரர் எங்களை உட்கார வைத்து ஷர்பத் வரவழைத்தார். நாற்பது வயதுக்குள் மதிக்கத்தக்க, அமைதியான மனிதர். கதவுக்குப் பின்னாலிருந்து இரு சிறுமிகள் எங்களை எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் நாவில் வரவில்லை. "ஸ்கூலு... பரீட்சை..." என்றார். பிறகு, "பாஸ் ஆயிடுச்சு பாய்," என்று, ஏதோ கேடு நேர்ந்துவிட்டதைச் சொல்பவர் போலச் சொல்லி முடித்தார்.

"மொதல் தடவையிலேயேவா?" என்றார் அவர்.

"ஆமாம்," என்றேன் நான்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க பஸ்ஸை விட்டு எறங்கறப்பவே தெரிஞ்சுடுச்சு பாய். சந்தையில தோலு வெலை எறங்கினாகூட நீங்க இப்படி மூஞ்சி வெக்கமாட்டீங்க." வருத்தம் இல்லாத முகம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதை எங்கள்மீது இறக்கிவைக்க அவர் விரும்பவில்லை. கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவங்க ரெண்டு பேரையும் அந்த ஸ்கூல்ல எடுத்துக்குவாங்களா? இங்க ஓதக் கத்துக்குறதோட சரி. ஆம்பூர்ல எங்க அக்கா வூடு இருக்குது, தங்க வெச்சுடுறேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"அதைத் தீர்மானிக்க வேண்டியவர் ஆசிரியை," என்றேன். "அவரைக் கேட்டுச் சொல்கிறோம்."

ஆம்பூர் திரும்பியதும் நேராக அந்தக் கூடத்துக்குத்தான் போனோம். படத்தை எடுத்த இடத்தில் திரைக்குப் புதுத்துணி வைத்துத் தைத்திருந்தார்கள். உள்ளே விளக்கின் அசைவுகூடத் தெரியவில்லை. அண்ணன் தயங்கினார். ஆகவே நானே, பேரணாம்பட்டில் நடந்ததை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துரைத்து, அவருடைய முடிவைக் கேட்டேன்.



"சின்னவளுக்கு என்ன வயசு சார்?" என்று உள்ளிருந்து குரல் கேட்டது.

அதைக் கேட்டுவர எனக்குத் தோன்றவில்லை. அண்ணனைப் பார்த்தேன். "அஞ்சு இருக்கும். முன்பல்லு விழுந்திருக்குது," என்றார் அவர்.

"அப்ப ரெண்டு பேரையும் அனுப்பச் சொல்லுங்க," என்றது குரல். "சின்னவ மொதல்ல அழுவா. என் பக்கத்துல உக்கார வெச்சுக்குறேன்."